செம்மண் சாலையும் உலகப் பட்டமும்

நெகிரி செம்பிலான் மாநிலத்தில், சிரம்பானிலிருந்து காஜாங் செல்லும் பழைய சாலையில், மலைவளைவுகளைத் தாண்டியதும் வரவேற்கும் சிற்றூர் மந்தின். ஈயச் சுரங்கத் தொழிலால் வளர்ந்த இவ்வூரைச் சுற்றி ரப்பர்த் தோட்டங்கள் எழுந்தன. காலம் மாறியதும், ரப்பர் நின்ற இடங்கள் பலவற்றில் செம்பனை வேரூன்றியது. தார்ச்சாலையை விட்டுத் தோட்டத்திற்குள் திரும்பினால் செம்மண் சாலை தொடங்கிவிடும். கோயிலுக்கும் லயங்களுக்கும் வேலைக்காட்டிற்கும் அதுவே வழி. வெயில் காய்ந்தால் புழுதி. மழை பெய்தால் சேறு. தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இந்தச் சாலை ஒரு தொல்லையாகவே நினைவில் நிற்கும். எனினும், மலேசியருக்கு உலகப் பட்டம் ஒன்றைப் பெற்றுத் தந்த விளையாட்டு, பெரும்பாலும் இத்தகைய மண் சாலைகளில்தான் நடைபெறுகிறது. அதுவே ரேலி எனப்படும் மகிழுந்துப் பந்தயம்.

தோட்டச் சாலை அழகுக்காகப் போடப்பட்டதன்று. செம்பனைக் குலையை வெட்டிய 24 மணி நேரத்திற்குள் ஆலையில் சேர்க்க வேண்டும். தாமதமானால் பழத்தில் அமிலம் பெருகி, எண்ணெயின் தரம் குறைந்துவிடும். ஆகவே, மழை பெய்தாலும் வெயில் அடித்தாலும் குலை ஏற்றிய கனவுந்து போய்ச் சேர்ந்தே ஆக வேண்டும். அதற்காகவே தோட்டம் முழுவதும் கட்டம் கட்டமாகச் சாலைகள் வெட்டப்படுகின்றன. ஒவ்வொரு சந்தியும் மற்றொன்றைப் போலவே இருக்கும். இருபுறமும் வடிகால், அதற்கு அப்பால் வரிசை வரிசையாக மரங்கள். புதிதாக வருபவர் பட்டப்பகலிலும் வழி தவறிவிடுவார்.

இந்தச் சாலையில் வண்டி ஓட்டுவது தனிக்கலை. மழைக்குப் பின் செம்மண்ணின் மேற்பரப்பு சவர்க்காரம் போல் வழுக்கும். மர நிழல் விழும் இடங்களில் ஈரம் நெடுநேரம் காயாது. நன்கு காய்ந்த இடத்திலோ, உருண்டைக் கற்கள் கோலிக்குண்டுகளைப் போல் சக்கரத்தின் கீழ் உருளும். அனுபவமுள்ள ஓட்டுநர் பக்கத்தில் அமர்ந்திருக்கும் இளையவரிடம், “தம்பி, ஈரம் இன்னும் காயல. பிரேக்க மிதிக்காத, கியர எறக்கு” என்பார். வளைவிற்குள் நுழைந்த பிறகு வேகத்தைக் குறைப்பது ஆபத்து. நுழையும் முன்பே குறைக்க வேண்டும் என்பது அவர் பட்டறிந்த பாடம். உலகின் தலைசிறந்த ரேலி ஓட்டுநர்களும் முதலில் கற்றுக்கொள்வது இதே பாடத்தைத்தான்.

மகிழுந்துப் பந்தயம் என்றதும் பலரின் மனத்தில் தோன்றுவது, மந்தினிலிருந்து அதிகத் தொலைவில் இல்லாத சிப்பாங் பந்தயத் தளமாக இருக்கலாம். 1999-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட அத்தளத்தில் எல்லா வண்டிகளும் ஒரே நேரத்தில் புறப்படும். ஒரே பாதையைப் பலமுறை சுற்றும். ரேலி அப்படிப்பட்டதன்று. இதில் வண்டிகள் ஒவ்வொன்றாக, ஓரிரு நிமிட இடைவெளியில் புறப்படும். பொதுமக்களுக்கு மூடப்பட்ட சாலைப் பகுதிகளில் மட்டும் முழு வேகத்தில் ஓட்டலாம். இவை சிறப்புக் கட்டங்கள் எனப்படும. ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்திற்குச் செல்லும்போது வழக்கமான சாலையில், சாலை விதிகளுக்கு உட்பட்டே ஓட்ட வேண்டும். எல்லாச் சிறப்புக் கட்டங்களிலும் எடுத்துக்கொண்ட நேரத்தைக் கூட்டிப் பார்த்து, குறைந்த நேரம் எடுத்தவரே வெற்றியாளராக அறிவிக்கப்படுவார். ஆகவே, ரேலி ஓட்டுநர் தம் போட்டியாளரைக் கண்ணால் காண்பது அரிது. அவர் போட்டியிடுவது சாலையோடும் கடிகாரத்தோடும்தான்.

ஒரு ரேலி வண்டியில் இருவர் அமர்ந்திருப்பர். ஒருவர் ஓட்டுநர், மற்றவர் துணை ஓட்டுநர். போட்டிக்கு முன்பு இருவரும் சாலையை மெதுவாகச் சுற்றிப் பார்ப்பார்கள். எந்த வளைவு எவ்வளவு கூர்மையானது, எங்கே மேடு, எங்கே பள்ளம், எங்கே பாலம் குறுகுகிறது என்பனவற்றைத் துணை ஓட்டுநர் குறிப்பேட்டில் எழுதிக்கொள்வார். போட்டியின்போது வண்டி குலுங்கிக் குலுங்கிப் பாயும் வேளையில், அவர் அந்தக் குறிப்புகளைப் பிசகாமல் வாசிப்பார். ஓட்டுநர் கண்ணால் காணும் முன்பே அடுத்த வளைவைக் காதால் கேட்டுவிடுவார். எல்லாச் சந்திகளும் ஒன்றுபோல் தோன்றும் தோட்டச் சாலையில், அந்தக் குறிப்பேடு இல்லாத ஓட்டுநர் கண்ணைக் கட்டிக் காட்டில் விடப்பட்டவரைப் போன்றவர்.

இவ்விளையாட்டின் வரலாற்றில் 1982-ஆம் ஆண்டு முக்கியமானது. அவ்வாண்டு போட்டி வண்டிகள் புதிய பிரிவுகளாக வகுக்கப்பட்டன. அவற்றுள் ‘குரூப் பி’ என்னும் பிரிவே அனைவரின் கவனத்தையும் கவர்ந்தது. ஒரு நிறுவனம் 200 வண்டிகளை மட்டும் தயாரித்தாலே அப்பிரிவில் போட்டியிடலாம். எனவே, நிறுவனங்கள் பந்தயத்திற்கென்றே வண்டிகளை உருவாக்கின. அவ்வண்டிகளின் ஆற்றல் ஆண்டுக்கு ஆண்டு ஏறியது. 400 குதிரைத்திறனையும் தாண்டியது. சாலையோரங்களில் மக்கள் அலை அலையாகத் திரண்டனர். சிலர் வண்டியைத் தொட்டுவிடும் தூரத்தில் நின்று ஆர்ப்பரித்தனர். வண்டியின் வேகம் வளர்ந்தது; அதைக் கட்டுப்படுத்தும் விதிகள் அதற்கு ஈடாக வளரவில்லை.

அதன் விளைவு 1986-ஆம் ஆண்டில் வெளிப்பட்டது. மார்ச் மாதம் போர்ச்சுகலில் நடந்த போட்டியில் ஒரு வண்டி கட்டுப்பாட்டை இழந்து, சாலையோரக் கூட்டத்திற்குள் பாய்ந்தது. பார்வையாளர் மூவர் உயிரிழந்தனர். மே 2-ஆம் நாள், பிரான்சின் கோர்சிகா தீவில் நடந்த போட்டியில் பின்லாந்தின் ஹென்ரி தொய்வோனனும் அவருடைய துணை ஓட்டுநர் செர்ஜியோ கிரெஸ்தோவும் வண்டி பள்ளத்தில் விழுந்து தீப்பற்றியதால் மாண்டனர். தொய்வோனனுக்கு அப்போது வயது 29. அந்த ஆண்டோடு ‘குரூப் பி’ வண்டிகள் உலகப் போட்டிகளிலிருந்து நீக்கப்பட்டன. புதிய பிரிவு ஒன்றின் தொடக்க ஆண்டுகள் புகழோடு தொடங்கித் துயரத்தில் முடிந்தன.

அதே 1982-ஆம் ஆண்டில் ‘குரூப் என்’ என்ற இன்னொரு பிரிவும் பிறந்திருந்தது. ஆனால், அது இலைமறை காயாகவே இருந்தது. ஏனெனில், அதன் விதிகள் பரபரப்பை ஊட்டக்கூடியவை அல்ல. பொதுமக்களுக்கு விற்கப்படும் மகிழுந்து மட்டுமே அதில் கலந்துகொள்ளலாம். ஒரு நிறுவனம் அத்தகைய மகிழுந்தை ஓராண்டில் 5,000 என்ற எண்ணிக்கையில் தயாரித்திருக்க வேண்டும்; இந்த எண்ணிக்கை பின்னாளில் 2,500-ஆகக் குறைக்கப்பட்டது. வண்டி கவிழ்ந்தால் உள்ளே இருப்பவர்களைக் காக்கும் இரும்புக் கூண்டு, பந்தய இருக்கை, பாதுகாப்புப் பட்டை, தீயணைப்புக் கருவி ஆகியவற்றைப் பொருத்த வேண்டும். கரடுமுரடான சாலைக்கு ஏற்ப அதிர்வுத் தாங்கிகளை மாற்றிக்கொள்ளலாம். இயந்திரத்தின் அடிப்படை அமைப்பையோ வண்டியின் உடலமைப்பையோ விருப்பம்போல் மாற்ற இயலாது. சுருங்கக் கூறின், பட்டறையில் நாள்தோறும் மகிழுந்து பழுதுபார்க்கும் ஒருவர் முன்புற மூடியைத் திறந்து பார்த்தால், அவருக்குப் புரியும் வண்டியாகவே அது இருக்கும்.

‘குரூப் பி’ நீக்கப்பட்ட மறு ஆண்டான 1987-இல், இவ்வெளிய மகிழுந்துகளுக்கென உலக அளவில் ஒரு கிண்ணம் ஏற்படுத்தப்பட்டது. முதல் கிண்ணத்தை இத்தாலியின் அலெக்ஸ் ஃபியோரியோ வென்றார். அவர் ஓட்டியது, ஐரோப்பியக் குடும்பங்கள் கடைத்தெருவிற்குச் செல்லப் பயன்படுத்திய சிறிய ஃபியட் ஊனோ வகை மகிழுந்து. பெரிய நிறுவனங்களின் பார்வை மேல்பிரிவுகளின் மீதே இருந்தது. அதனால், கீழ்ப்பிரிவில் சிறிய நாடுகளைச் சேர்ந்தவர்களுக்கு இடம் கிடைத்தது. தென் அமெரிக்காவின் சிறிய நாடான உருகுவேயைச் சேர்ந்த குஸ்தாவோ திரெயெஸ், 1996 முதல் 1999 வரை தொடர்ந்து நான்கு முறை அக்கிண்ணத்தைக் கைப்பற்றினார். 2001-இல் அர்ஜென்டினாவின் காப்ரியேல் போஸோ வென்றார்.

இங்கு ஒரு கேள்வி எழலாம். விதிகள் கட்டுப்படுத்தக் கட்டுப்படுத்தத் திறமைக்கு இடம் குறைந்துவிடாதா? நடந்தது அதற்கு நேர்மாறானது. எதையும் மாற்றலாம் என்ற நிலையில், பணம் படைத்தவரே சிறந்த வண்டியை உருவாக்குவார். எதை மாற்றக் கூடாது என்பது வரையறுக்கப்பட்டால், பணத்தின் கை கட்டப்படுகிறது. வண்டிகள் ஏறக்குறைய ஒன்றுபோல் இருக்கும்போது, ஓட்டுபவரின் கையும் கண்ணும் பொறுமையுமே வேறுபாட்டை உண்டாக்குகின்றன. விரலுக்கேற்ற வீக்கம் வேண்டும் என்பார்கள். அந்த அளவு அனைவருக்கும் பொதுவாக வகுக்கப்படும்போதுதான், எளியவருக்கும் போட்டியில் ஓர் இடம் உறுதியாகிறது.

இதே காலக்கட்டத்தில் மலேசியாவிலும் ஒரு மாற்றம் நிகழ்ந்துகொண்டிருந்தது. 1983-ஆம் ஆண்டு புரோட்டோன் நிறுவனம் தொடங்கப்பட்டது. 1985-ஆம் ஆண்டு ஜூலை 9-ஆம் நாள், நாட்டின் முதல் மகிழுந்தான புரோட்டோன் சாகா அறிமுகமானது. ஜப்பானின் மிட்சுபிஷி நிறுவனம் தொழில்நுட்பத்தில் கைகொடுத்தது. பட்டணத்திலும் தோட்டத்திலும் பல குடும்பங்கள் முதன்முதலாக வாங்கிய மகிழுந்து சாகாதான். மந்தின் போன்ற சிற்றூர்களிலும் பட்டறைத் தொழில் பெருகியது. பால்மரம் சீவிய பெற்றோரின் பிள்ளைகள் பலர், இயந்திரத்தைப் பிரித்துப் பூட்டும் வேலையைக் கற்றுக்கொண்டு தோட்டத்தை விட்டு வெளியேறினர். கையில் எண்ணெய்க் கறை படிந்த அந்தத் தலைமுறைக்கு, மகிழுந்து வெறும் வாகனமாக மட்டும் இருக்கவில்லை. புதிய வாழ்விற்கான வழியாகவும் இருந்தது.

மலேசியாவில் ரேலி விளையாட்டு வேரூன்றியதும் தோட்டச் சாலைகளில்தான். பொதுச் சாலையை மூடுவது எளிதன்று. தோட்டத்திற்குள்ளோ, நீண்ட மண் சாலைகள் ஏற்கெனவே இருந்தன. ஆசிய பசிபிக் வெற்றியாளர் போட்டியின் ஓர் அங்கமாக மலேசிய ரேலி நடந்தபோது, வெளிநாட்டு ஓட்டுநர்கள் செம்பனைத் தோட்டங்களுக்குள் வந்து ஓட்டினர். ஐரோப்பாவின் சரளைச் சாலைகளில் பழகியவர்களைச் செம்மண் திணறச் செய்தது. காலையில் சேறாக இருந்த வளைவு, மதியத்தில் புழுதியாக மாறிவிடும். காற்று அசையாத மரவரிசைகளுக்கு நடுவே, முன்சென்ற வண்டி கிளப்பிய புழுதி திரைபோல் தொங்கிக்கொண்டிருக்கும். உள்நாட்டு ஓட்டுநர்களுக்கு இவையெல்லாம் பழகிய இடர்கள்.

அத்தகைய உள்நாட்டு ஓட்டுநர்களுள் ஒருவர் கரம்ஜிட் சிங். சீக்கிய மரபில் வந்த இவரை இரசிகர்கள் ‘பறக்கும் சீக்கியர்’ என்று அழைத்தனர். மலேசிய ரேலி வெற்றியாளர் பட்டத்தைப் பலமுறை வென்ற இவர், 2001-இல் ஆசிய பசிபிக் வெற்றியாளரானார். அவருக்குத் துணை ஓட்டுநராக அமர்ந்தவர் ஆலன் ஓ. பெட்ரோனாஸ் நிறுவனமும் புரோட்டோன் மகிழுந்துகளை விற்பனை செய்த இ.ஓ.என். நிறுவனமும் புரவலர்களாக அமைந்த குழு அவர்களுடையது. அக்குழுவின் பெயர்ச்சுருக்கமே அவர்கள் ஓட்டிய வண்டிக்கும் சூட்டப்பட்டது. ‘புரோட்டோன் பெர்ட்’ என்று அது வழங்கப்பட்டது. மிட்சுபிஷி லான்சர் எவொலூஷன் வகையை அடிப்படையாகக் கொண்ட வண்டி அது.

2002-ஆம் ஆண்டு, உற்பத்தி மகிழுந்துகளுக்கான கிண்ணம் புதிய தகுதியைப் பெற்றது. எப்.ஐ.ஏ. எனப்படும் அனைத்துலக மோட்டார் வாகனச் சம்மேளனம், அதை ‘உற்பத்தி மகிழுந்து உலக ரேலி வெற்றியாளர் போட்டி’யாக உயர்த்தியது. பெயர் நீண்டாலும் கருத்து எளிமையானது. கடையில் விற்கப்படும் மகிழுந்தை அடிப்படையாகக் கொண்டு போட்டியிடுபவரும் இனி உலக வெற்றியாளர் என்று அழைக்கப்படலாம். அந்த முதல் ஆண்டிலேயே கரம்ஜிட் சிங்கும் ஆலன் ஓவும் களமிறங்கினர். கரம்ஜிட்டுக்கு அப்போது நாற்பது வயது. பல விளையாட்டாளர்கள் ஓய்வைப் பற்றி எண்ணத் தொடங்கும் வயது அது.

புதிய போட்டி எளிதாக இருக்கவில்லை. பனி உறைந்த சுவீடனில் தொடங்கி, கல்லும் புழுதியும் நிறைந்த சைப்ரஸ், அர்ஜென்டினா, நியூசிலாந்து, ஆஸ்திரேலியா என உலகின் பல மூலைகளுக்கு அது பயணித்தது. கென்யாவின் புகழ்பெற்ற சஃபாரி ரேலியும் அதில் அடங்கும். ஆண்டு முழுவதும் வெப்பமும் மழையும் மட்டுமே கண்ட நாட்டிலிருந்து வந்தவர்கள், பனிக்கட்டியின் மீது வண்டி ஓட்ட வேண்டியிருந்தது. ஒரு நாட்டிற்கு ஏற்ற சக்கரம் மறு நாட்டில் உதவாது. வண்டியையும் உதிரிப் பாகங்களையும் கடல் கடந்து கொண்டு செல்ல வேண்டும். ஐரோப்பியக் குழுக்கள் தங்கள் பட்டறைகளுக்கு அருகே போட்டியிட்டபோது, மலேசியக் குழு தாய்நாட்டிலிருந்து ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தொலைவில் நின்றது.

அந்த ஆண்டின் புள்ளி முறையைப் புரிந்துகொண்டால், அவர்களுடைய வெற்றியின் தன்மையும் புரியும். ஒவ்வொரு போட்டியிலும் முதல் ஆறு இடங்களுக்கு மட்டுமே 10, 6, 4, 3, 2, 1 என்ற வரிசையில் புள்ளிகள் வழங்கப்பட்டன. மின்னல் வேகத்தில் ஓட்டிப் பாதி வழியில் வண்டியை உடைத்துக்கொண்டவருக்கு ஒரு புள்ளியும் இல்லை. ஆகவே, வேகம் மட்டும் போதாது. வண்டியை முடிவுவரை கொண்டுவந்து சேர்க்க வேண்டும். குலை ஏற்றிய கனவுந்தை ஆலைவரை கொண்டு சேர்ப்பவரிடம் உள்ள அதே பொறுப்புணர்வு இங்கும் தேவைப்பட்டது. எந்தக் கல்லைத் தவிர்ப்பது, எந்தப் பள்ளத்தில் வேகத்தைக் குறைப்பது, எந்த இடத்தில் துணிந்து பாய்வது என்பதை நொடிப்பொழுதில் முடிவெடுக்க வேண்டும். பதறாத காரியம் சிதறாது என்னும் பழமொழி இப்போட்டிக்கு நன்கு பொருந்தும்.

சிறப்புக் கட்டத்தின் நடுவே பழுது ஏற்பட்டால், உதவிக்கு எந்தப் பணியாளரும் வர இயலாது. ஓட்டுநரும் துணை ஓட்டுநருமே இறங்கி, வண்டியில் உள்ள கருவிகளைக் கொண்டு சரிசெய்ய வேண்டும். அப்போது கடிகாரம் நிற்காது. ஒவ்வொரு நிமிடமும் தோல்விக்கு அருகே இழுத்துச் செல்லும். இத்தருணத்தில் இயந்திரத்தைக் கையால் தொட்டுப் பழகியவருக்கும், ஓட்ட மட்டுமே தெரிந்தவருக்கும் உள்ள வேறுபாடு வெளிப்பட்டுவிடும். பட்டறை அறிவு தாழ்ந்த அறிவு என்று எண்ணுபவர்கள், ரேலி வண்டியின் அடியில் படுத்திருக்கும் உலக வெற்றியாளரை ஒருமுறை பார்த்தால் தம் கருத்தை மாற்றிக்கொள்வர்.

2002-ஆம் ஆண்டின் இறுதியில், புதிய போட்டியின் முதல் உலக வெற்றியாளராகக் கரம்ஜிட் சிங்கின் பெயர் பதிவாகியது. எப்.ஐ.ஏ.வின் உலக ரேலிப் பட்டம் ஒன்றை வென்ற முதல் ஆசியர் என்ற பெருமையும் அவரைச் சேர்ந்தது. அதே ஆண்டு ஆசிய பசிபிக் பட்டத்தையும் அவர் தக்கவைத்துக்கொண்டார். சீக்கியர் ஒருவர் ஓட்ட, சீனர் ஒருவர் வழி சொல்ல, மலேசியாவின் பெயர் தாங்கிய வண்டி உலக மேடையில் முதலிடம் பெற்றது. ஒற்றுமையைப் பற்றி எழுதப்படும் பல சொற்களைவிட, அந்த வண்டியின் இரண்டு இருக்கைகளே அதை இன்னும் தெளிவாக எடுத்துரைத்தன. ஒருவர் வாசிப்பதை மற்றவர் ஐயமின்றி நம்பாவிட்டால், அவ்வண்டி முதல் வளைவையே தாண்டியிருக்காது.

அந்த வெற்றி தற்செயலானதன்று என்பதை அடுத்து வந்த ஆண்டுகள் காட்டின. ஜப்பானின் தோஷிஹிரோ அராய் 2005-ஆம், 2007-ஆம் ஆண்டுகளில் இதே பட்டத்தை வென்றார். 2006-இல் கத்தாரின் நாசர் அல் அத்தியா வென்றார். இவர் பின்னர் 2012 இலண்டன் ஒலிம்பிக்கில் துப்பாக்கிச் சுடுதலில் வெண்கலப் பதக்கமும் பெற்றவர். ஆக, புதிய போட்டியின் முதல் ஆறு ஆண்டுகளில் நான்கு பட்டங்கள் ஆசியாவிற்கு வந்தன. உலக ரேலியின் மேல்பிரிவில் இன்றுவரை ஆசியர் எவரும் ஆண்டு வெற்றியாளரானதில்லை. மேல்பிரிவுக்கும் இப்பிரிவுக்கும் சாலை ஒன்றுதான்; கடிகாரமும் ஒன்றுதான். வண்டியைப் பற்றிய விதி மட்டுமே வேறு. அந்த ஒரு விதி, அதுவரை அடைத்திருந்த கதவைத் திறந்துவிட்டது.

ஆயினும், கதவு திறந்தால் மட்டும் பயணம் எளிதாகிவிடாது. கடையில் விற்கும் மகிழுந்தாக இருந்தாலும், அதைப் போட்டிக்கு ஏற்றவாறு அமைக்கவும் நாடு நாடாகக் கொண்டு செல்லவும் பெரும் பொருட்செலவு ஆகும். புரவலர் கைகொடுக்கும்வரைதான் குழு ஓடும். கரம்ஜிட் சிங் 2004-இல் மீண்டும் ஆசிய பசிபிக் பட்டத்தை வென்றார். ஆனால், வெற்றி வந்த வேகத்தில் ஆதரவு தொடர்ந்து வரவில்லை. பின்னாளில் அவர் மகிழுந்து பழுதுபார்க்கும் தொழிலை மேற்கொண்டு வாழ்ந்ததை நாளேடுகள் எழுதியபோது, பலர் வருந்தினர். அந்தத் தொழிலில் தாழ்வு ஏதுமில்லை. அதுவே அவருக்குச் சோறு போட்டது. வருந்த வேண்டியது, உலகப் பட்டம் பெற்ற ஒருவரின் அனுபவத்தை இளையோருக்குக் கற்பிக்கப் போதிய வாய்ப்பு அமைத்துத் தராததைப் பற்றியே.

உற்பத்தி மகிழுந்துப் பிரிவும் நிலைத்திருக்கவில்லை. 2012-ஆம் ஆண்டோடு அது முடிவுற்றது. அடுத்த ஆண்டு முதல் வேறு பிரிவுகள் அதன் இடத்தைப் பிடித்தன. எனினும், அது காட்டிய பாதையில் ஆசிய ஓட்டுநர்கள் தொடர்ந்து நடந்தனர். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட எம்.ஆர்.எஃப். சக்கர நிறுவனத்தின் குழுவில் ஓட்டிய இந்தியாவின் கௌரவ் கில், 2013, 2016, 2017 ஆகிய ஆண்டுகளில் ஆசிய பசிபிக் வெற்றியாளரானார். 2019-இல் அவருக்கு அர்ஜுனா விருது வழங்கப்பட்டது. ஒரு பிரிவு மறைந்தாலும், அது உருவாக்கிய நம்பிக்கை மறைவதில்லை.

மந்தின் வட்டாரத்தில் இன்று தோட்டங்கள் சுருங்கிவிட்டன. செம்பனை நின்ற இடங்களில் வீடமைப்புப் பகுதிகள் எழுகின்றன. புதிய நெடுஞ்சாலை வந்த பின் பழைய மலைச்சாலையில் கனவுந்துகளின் நெரிசல் முன்போல் இல்லை. மலைச்சாலை வெறிச்சோடும் வேளையில், மோட்டார் சைக்கிளை முறுக்கிப் பார்க்க இளைஞர் சிலருக்கு ஆசை எழுவது இயல்பு. வேகத்தின் மீதுள்ள ஈர்ப்பைக் குற்றம் என்று மட்டும் சொல்லி ஒதுக்கிவிட முடியாது. கரம்ஜிட் சிங்கையும் அதே ஈர்ப்புதான் செம்மண் சாலைக்கு இழுத்து வந்திருக்கும். ஆனால், மூடப்படாத சாலையில் எதிரே வருபவர், பள்ளி முடிந்து திரும்பும் பிள்ளையாகவோ வேலை முடிந்து வரும் தாயாகவோ இருக்கலாம். அங்கே குறிப்பேடு வாசிக்க எவரும் இல்லை; வளைவுக்கு அப்பால் இருப்பதை முன்கூட்டியே சொல்லவும் எவரும் இல்லை.

இதைக் கருத்திற்கொண்டே ரேலியில் ஒரு விதி வகுக்கப்பட்டுள்ளது. சிறப்புக் கட்டங்களுக்கு இடையே பொதுச் சாலையில் செல்லும்போது, ஒவ்வொரு சோதனைச் சாவடியையும் குறித்த நிமிடத்தில் அடைய வேண்டும். ஒரு நிமிடம் தாமதமாக வந்தால் 10 வினாடி தண்டம். ஒரு நிமிடம் முன்னதாக வந்துவிட்டாலோ 60 வினாடி தண்டம். தாமதத்தைவிட முந்தி வருவதற்கே ஆறு மடங்குத் தண்டனை. பொதுச் சாலையில் எவரும் விரைந்து ஓட்டக் கூடாது என்பதே இதன் நோக்கம். அதனால்தான், உலகின் அதிவேக ஓட்டுநர்கள் சாவடிக்கு அருகே வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி காத்திருப்பதைக் காணலாம். துணை ஓட்டுநர் தம் கையிலுள்ள நேர அட்டையைச் சரிபார்ப்பார். உரிய நிமிடம் வந்ததும், வண்டி மெல்ல நகர்ந்து சாவடிக்குள் நுழையும். அந்தச் சிறிய அட்டையில் நேரம் சரியாகப் பதிவான பின்னரே, அடுத்த செம்மண் சாலை அவர்களுக்காகத் திறக்கும்.